வேப்பமர நிழல் பற்றி ஓர் அலுவலகக் குறிப்பு

வண்டி நிறுத்த இடமில்லை என்று புலம்பாத அலுவலகம் இப்போது ஏதாவது உண்டா? கல்லூரி, மருத்துவமனை, நீதிமன்றம், வங்கி என்று எங்கே போனாலும் இதே பாட்டுதான். நம் கோட்டைப்பட்டினத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும், விசைப்படகுகள் கரை திரும்பும் நாளிலும், கந்தூரி சமயத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். இங்கும் அதே புகார்தான். எல்லோரும் சொல்லும் காரணமும் ஒன்றுதான்: இடம் போதவில்லை.

முப்பத்து மூன்று வருஷம் கோப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். பல இடங்களில் குறை இடத்தில் இல்லை. யாருடைய வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் இருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1998-இல் எங்கள் அலுவலக வளாகத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டி வந்தது. அதற்காக மூன்று நாள் வெயிலில் நின்று எண்ணியபோது தெரிந்துகொண்டேன். இப்போது பணியில் இருக்கும் நம் ஊர் இளைஞர்கள் சிலர் இதே விஷயமாக எப்படி எழுதுவது என்று கேட்டதால், அந்தக் குறிப்பின் கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது வேண்டாம். நம் மாவட்டத்துக்கு வெளியே என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து துறைகளின் அலுவலகங்கள். ஓட்டுக் கட்டடம் இரண்டு, மாடிக் கட்டடம் ஒன்று. நடுவில் மூன்று வேப்பமரம், ஒரு கொடிக்கம்பம். நான் வேலைக்குச் சேர்ந்த 1970-களில் அந்த வேப்பமரத்தடி மனு எழுதுபவர்களுக்கும் மனு கொடுக்க வந்தவர்களுக்கும் உரியது. கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். பிள்ளையைத் துண்டு விரித்துத் தூங்கப் போடுவார்கள். பணியாளர்களில் பாதிப் பேர் பஸ், மீதிப் பேர் சைக்கிள். சைக்கிள்களுக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதிகாரிக்கு ஒரு ஜீப். அவ்வளவுதான்.

1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. பிறகு ஸ்கூட்டர்களும் ஹீரோ ஹோண்டாவும் வந்தன. அரசு வாகன முன்பணம் கொடுத்தது, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. நானும் அப்படித்தான் ஒரு பஜாஜ் சேத்தக் வாங்கினேன். 1998-இல் புதிய ஊதிய விகிதம் வந்ததும் மிச்சமிருந்த சைக்கிள்களும் மறைந்தன. தகரக் கொட்டகை பழைய பதிவேடுகள் போட்டுவைக்கும் இடமாயிற்று. வண்டிகள் எல்லாம் வேப்பமரத்தடிக்கு வந்தன. வெயிலில் விட்டால் சீட் கொதிக்கும், பெட்ரோல் ஆவியாகும் என்று சொல்வார்கள். காலை பத்து மணிக்கு முன்னால் வந்தவருக்கு நிழல். பத்தேகாலுக்கு வந்தவருக்கு நடைபாதை. பத்தரைக்கு வந்தவர் படிக்கட்டை ஒட்டி நிறுத்துவார்.

அந்த வருஷம் ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் ஒருவர் வந்தார். இரண்டு கால்களும் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பியவர். உதவித்தொகை விஷயமாக ஒரு மனு. வாசலுக்கு உள்ளே வண்டி வர வழியில்லை. இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி. வண்டியைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தார். மே மாதம். சரளை மண் தரை. சாய்தளத்தின் முன்னால் ஒரு மொபெட் பூட்டிக் கிடந்தது. அதனால் படிக்கட்டு வழியாக ஏறினார். எங்கள் பிரிவின் சன்னலிலிருந்து பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர். அலுவலக உதவியாளர் ஓடிப் போய்த் தூக்க முயன்றார். அவர் "வேணாம், நானே வர்றேன்" என்றார். மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு அதே மாதிரி திரும்பிப் போனார்.

அன்று மாலை கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே. வண்டி விஷயமா ஒரு நோட் போடுங்க" என்றார்.

நான் நன்றாக எழுதுவேன் என்று அவர் சொன்னதற்குக் காரணம் என் படிப்பு. சிறுவயதில் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழ்நாட்டுப் பணிக்கு வருவதற்காகப் பிறகு தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் கட்டுரை எழுதச் சொல்லும்போது ஒரே ஒரு நிபந்தனை வைப்பார்: முதலில் கண்ணால் பார்த்ததை எழுது, பிறகு அதிலிருந்து தெரிவதை எழுது, கடைசியில் உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. வரிசை மாறினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அரசுக் கோப்புக்கும் இதைவிடச் சிறந்த விதி எனக்குக் கிடைக்கவில்லை.

கண்ணால் பார்ப்பதற்காக மூன்று நாள் ஒதுக்கினேன். காலை பத்தரை, மதியம் பன்னிரண்டரை, மாலை மூன்றரை என்று மூன்று வேளை நோட்டுப் புத்தகத்தோடு போய் எண்ணினேன். பத்தரை மணிக்கு இருசக்கர வண்டிகள் சுமார் எழுபது. அதில் ஐம்பதுக்கு மேல் பணியாளர்களுடையவை. மூன்றரைக்குப் போனாலும் அவற்றில் நாலைந்து தவிர எதுவும் அசைந்திருக்கவில்லை. வெளியாட்கள் ஒரு நாளில் நூறு பேருக்கு மேல் வண்டியில் வந்தார்கள். ஆனால் ஒருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதாகத் தெரியவில்லை. அதாவது, நாள் முழுக்க அசையாத வண்டி வாசலருகே நிழலில். அரை மணியில் கிளம்ப வேண்டிய வண்டி வழியை மறித்துக்கொண்டு எங்கேயோ.

இது போக, ஜீப்புகள் ஐந்து. அதில் இரண்டு கண்டம் ஆனவை. டயர் இல்லை, எஞ்சினுக்குள் ஓணான், பானெட் மேல் கோவைக்கொடி. மூன்று வேப்பமரங்களில் நல்ல நிழல் உள்ள ஒன்று முழுக்க அந்த இரண்டு ஜீப்புகளுக்குத்தான். ஓடாத வண்டிக்கு எதற்கு நிழல் என்று யாரும் கேட்டதில்லை.

எண்ணி முடித்ததும் ஒரு பழைய ஞாபகம் வந்தது. பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் 1954 நவம்பர் 1-இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தன. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த உறவினர் ஒருவர் பாரிஸில் இருந்தார். லீவில் வந்தபோது எங்களுக்கு விளையாட ஒரு நீல அட்டை கொடுத்தார். அட்டையில் இரண்டு சன்னல். உள்ளே சுழலும் வட்டத் தகடு. திருப்பினால் ஒரு சன்னலில் வண்டி வந்த நேரமும், மற்றொன்றில் கிளம்ப வேண்டிய நேரமும் தெரியும். பாரிஸில் 1957-இல் 'ஜோன் ப்ளே', அதாவது நீலப் பகுதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். கடைத்தெருவில் வண்டியை நிறுத்தலாம், காசு கிடையாது. ஆனால் இந்த அட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும், குறித்த நேரத்துக்குள் கிளம்ப வேண்டும். காலையில் வந்து சாயங்காலம் வரை இடத்தைப் பிடித்துவைப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

அந்த நாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. குறுகலான தெருக்களில் மாதத்தின் 1-ஆம் தேதி முதல் 15 வரை ஒற்றைப்படை எண் உள்ள வீடுகளின் பக்கம் வண்டி நிறுத்த வேண்டும். 16 முதல் மாதக் கடைசி வரை இரட்டைப்படைப் பக்கம். எந்த வீட்டுக்காரரும் "எப்போதும் என் வாசலிலேயே நிற்கிறது" என்று சொல்ல முடியாது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். இடத்தைக் கூட்ட முடியவில்லை என்றால் நேரத்தைப் பங்கு போடு.

இனி நான் எழுதிய குறிப்பு. அதன் கார்பன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. சாரத்தை மட்டும் தருகிறேன்.

பொருள்: அலுவலக வளாகம் – வண்டிகள் நிறுத்துதல் – பொதுமக்கள் வந்து செல்ல இடையூறு – சீர்செய்தல் – ஆணை வேண்டுதல்.

1. இவ்வளாகத்தில் காலை 10.30 மணியளவில் சுமார் 70 இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. இவற்றில் 50-க்கு மேற்பட்டவை பணியாளர்களுடையவை. இவை மாலை 5.45 மணி வரை பெரும்பாலும் எடுக்கப்படுவதில்லை.

2. வாயிலில் இருந்து சாய்தளம் வரை எட்டடி அகலத்துக்கு இருபுறமும் சுண்ணாம்புக் கோடு இட்டு, அதற்குள் எந்த வண்டியும் நிறுத்தப்படாமல் பார்த்துக்கொள்ளலாம். பொதுக் கட்டடங்களில் சாய்தளம் இருக்க வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் கூறுகிறது. சாய்தளத்தை அடைய வழி இல்லையெனில் சாய்தளம் இருந்தும் பயனில்லை.

3. போர்ட்டிகோ, ஊர்தியில் வருவோர் இறங்குவதற்காகக் கட்டப்பட்டது. அலுவலர் இறங்கியபின் ஊர்தியைப் பின்புறம் கொண்டுபோய் நிறுத்தலாம்.

4. முன்புற நிழலைப் பொதுமக்களின் வண்டிகளுக்கு ஒதுக்கலாம். வந்த நேரம் குறித்த அட்டையைக் காவலர் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டியைப் பின்புறம் மாற்றச் சொல்லலாம்.

5. பணியாளர் வண்டிகளைப் பின்சுவர் ஓரம் நிறுத்தலாம். பழைய சைக்கிள் கொட்டகையைக் காலி செய்து, அதை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை ஒன்று போடலாம்.

6. கழிவு செய்யப்பட்ட இரு ஜீப்புகளையும் மதிப்பீடு செய்து ஏலம் விட நடவடிக்கை தொடங்கலாம்.

7. இக்குறிப்பை எழுதுபவரின் ஸ்கூட்டர் கடந்த திங்கட்கிழமை முதல் பின்சுவர் ஓரம் நிறுத்தப்பட்டு வருகிறது.

ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.

சாய்தளம் பற்றிய சட்டத்தில் 'ஊனமுற்றோர்' என்றுதான் அப்போது எழுதுவோம். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசுக் கோப்புகளுக்கு 2010-இல்தான் வந்தது. நல்ல சொல். ஆனால் சொல் வருவதற்கு முன்னாலேயே வழி வந்திருக்க வேண்டும்.

கண்காணிப்பாளர் ஓரத்தில் 'பேசுக' என்று எழுதி அனுப்பினார். அரசுப் பணியில் இருந்தவர்களுக்குத் தெரியும், 'பேசுக' என்றால் பாதிக் கோப்புகள் அத்தோடு படுத்துவிடும். போனேன். "மற்றதெல்லாம் சரி. மூணாவது பத்தி வேணுமா? ஆபீசர் ஜீப்பை நகர்த்தச் சொல்லி நாமளே எழுதலாமா?" என்று கேட்டார். "எழுதாமல் விட்டால் பணியாளர்கள் நகர்த்த மாட்டார்கள் சார். வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் உங்கள் கருத்தைக் கீழே எழுதி அனுப்புங்கள்" என்றேன்.

இங்கே டாட்டன்ஹாம் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை மாகாண காலத்திலிருந்து நம் மாவட்ட அலுவலகங்களில் கோப்பு நடப்பது அந்த முறையில்தான். நடப்புக் கோப்பு தனி, குறிப்புக் கோப்பு தனி. கீழே உள்ளவர் எழுதிய குறிப்பை மேலே உள்ளவர் கிழித்துப் போடுவதில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் அதற்குக் கீழேயே எழுதுவார். கடைநிலை எழுத்தர் நினைத்ததும் கோப்பில் நிற்கும். வெள்ளைக்காரன் போட்ட எத்தனையோ பழக்கங்களைக் குறை சொல்லலாம். இதைச் சொல்ல மாட்டேன். கண்காணிப்பாளர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

போர்ட்டிகோ பற்றி எழுதும்போது என் மனதில் இருந்தது நம் புதுக்கோட்டை. 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் இயங்குவது தொண்டைமான் மன்னரின் அரண்மனையில். அந்த மாதிரிப் பழைய கட்டடங்களின் முகப்பைப் பார்த்தால் போர்ட்டிகோ எதற்கு என்று புரியும். மழையில் நனையாமல் இறங்கி உள்ளே போக. வண்டி அங்கேயே குடியிருக்க அல்ல.

கோப்பு ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. அதிகாரி இளவயதுப் பெண்மணி. நேரடி நியமனத்தில் வந்தவர். இரண்டு முதல் ஆறு வரை உள்ள பத்திகளுக்குப் பக்கத்தில் தனித்தனியாக 'சரி' என்று எழுதியிருந்தார். மூன்றாவது பத்திக்கு எதிரே மட்டும் கூடுதலாக இரண்டு சொற்கள்: 'ஓட்டுநரிடம் சொல்லியாகிவிட்டது.' சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். போர்ட்டிகோ காலியாக இருந்தது.

எதிர்ப்பு மேலிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்து வந்தது. சங்கச் செயலாளர் வந்து, "சார், நீங்க நம்மாளா, அவங்க ஆளா? கடன் வாங்கி வாங்கின வண்டியை வெயில்ல விடச் சொல்றீங்களே" என்றார். நியாயமான கேள்வி. பணியாளருக்கும் வண்டி வியர்வையில் வாங்கியதுதான். ஏழாவது பத்தியைப் படிக்கச் சொன்னேன். படித்தார். பின்சுவருக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். என் சேத்தக் நாலு நாளாக வெயிலில் நின்றது, சீட்டின் மேல் சாக்கு போட்டிருந்தேன். "சரி, கொட்டகையையாவது சீக்கிரம் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவருடைய வண்டியும் பின்னால் வந்தது. கொட்டகை வேலையை அவரே முன்நின்று முடித்தார்.

அட்டை முறையை எங்கள் காவலர் தன் வழிக்கு மாற்றிக்கொண்டார். அட்டை கொடுப்பதும் வாங்குவதும் அவருக்குத் தோதுப்படவில்லை. ஒரு சாக்பீஸ் வாங்கிக்கொண்டார். வண்டி வந்ததும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் நேரத்தை எழுதிவிடுவார். ஒரு மணி நேரம் தாண்டினால் மரியாதையாகக் கேட்பார்: "வேலை முடியலீங்களா? பின்னாடி நிழல் இருக்கு, மாத்திக்கிறீங்களா?" பாரிஸ் நகரம் அட்டை அச்சடித்துச் செய்ததை அவர் ஒரு சாக்பீஸில் செய்தார். சண்டை ஒன்றும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

சுண்ணாம்புக் கோடு மழையில் அழியும் என்றார்கள். அழிந்தது. ஆனால் ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் கொடிமேடைக்குச் சுண்ணாம்பு அடிப்பது எப்போதும் உள்ள வேலை. மிஞ்சிய சுண்ணாம்பில் கோட்டையும் புதுப்பித்துவிடுவார்கள். தனிச் செலவும் தனி உத்தரவும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு ஒட்டிவிட்ட காரியம் நிலைக்கும் என்பதை அங்கே கற்றுக்கொண்டேன்.

கண்டம் ஜீப்புகள்தான் அதிக நாள் எடுத்தன. அரசு வண்டியை நினைத்தவுடன் விற்றுவிட முடியாது. மோட்டார் வாகனப் பராமரிப்புத் துறையின் அரசு தானியங்கிப் பணிமனையில் இருந்து பார்வையிட்டு, இனி ஓடத் தகுதியில்லை என்று சான்று கொடுத்து, குறைந்தபட்ச விலை குறிக்க வேண்டும். பிறகு துறைத்தலைமையின் ஒப்புதல், ஏல அறிவிப்பு, ஏலம், பணம் செலுத்துதல். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் கோவைக்கொடியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு மரத்தடியில் மட்டும் இருபது வண்டிக்கு இடம் கிடைத்தது. இன்றும் பல அலுவலகங்கள், காவல் நிலையங்கள் முன்னால் கண்டம் வண்டிகளும் பறிமுதல் செய்த மணல் லாரிகளும் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்க்கிறோம். புதிதாக இடம் தேடும் முன் அவற்றை எண்ணினாலே பாதி விடை வந்துவிடும்.

மூன்று சக்கர வண்டிக்காரர் இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். கோட்டுக்குள் வண்டியைச் சுற்றிக்கொண்டே வந்து, சாய்தளத்தில் ஏறி, எங்கள் பிரிவு வாசலில் நிறுத்தினார். மனுவின் நிலையைக் கேட்டார். பதிலை வாங்கிக்கொண்டு போனார். வண்டி வர வழி இருக்கிறதே என்று வியக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? உள்ளே வர வழி இருப்பது அவருக்கு நாம் செய்த உபகாரம் அல்லவே.

பெரிய இடங்களிலும் கதை இதுதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர், பேராசிரியர்களை எல்லாம் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது வண்டி நிறுத்துமிடம் பற்றிய பொதுவான மனக்குறைதான் என்ற பொருளில் 1960-களிலேயே வேடிக்கையாகச் சொன்னார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நோபல் பரிசு வாங்கிய பேராசிரியருக்கென்று தனியாக நிறுத்துமிடம் ஒதுக்குகிறார்கள். உலகத்தின் மிகப் பெரிய பரிசு வாங்கியவருக்குக் கல்லூரி தரும் மரியாதை, வண்டி நிறுத்த ஓர் இடம்! இடத்துக்கு எவ்வளவு கிராக்கி என்று பார்த்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் வாழ்நாள் முழுக்க இந்த ஒரு விஷயத்தையே ஆராய்ந்தார். இலவசமாக நிறுத்துமிடம் என்று ஒன்று கிடையாது, அதன் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பது 2005-இல் வெளிவந்த அவருடைய பெரிய புத்தகத்தின் சாரம். எங்கள் வளாகத்தில் அந்த விலையைத் தரையில் நகர்ந்து வந்தவர் கொடுத்தார்.

நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. 1959-இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி. வளாகம் பெரிய காடு. புள்ளிமானும் வெளிமானும் திரிகிற இடம். நூற்றுக்கணக்கான ஏக்கர் இருந்தும் மாணவர்கள் அங்கே மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. சைக்கிள், இல்லாவிட்டால் வளாகப் பேருந்து. இடம் நிறைய இருக்கிறது என்பதற்காக அதை வண்டிக்குக் கொடுத்துவிடவில்லை.

இதையெல்லாம் கோட்டைப்பட்டினத்துக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் அலுவலக உதவியாளர் கடற்கரைக் குடும்பத்துப் பையன். குறிப்பைத் தட்டச்சுக்கு எடுத்துப் போனவர் படித்துவிட்டு, "சார், இது நம்ம கடல்ல உள்ள மூணு நாள் நாலு நாள் கணக்குதானே" என்றார். வாஸ்தவம். பாக் நீரிணை அகலம் குறைந்த கடல். விசைப்படகின் இழுவலை போகும் இடத்தில் நாட்டுப்படகுக்காரர் வலை விரித்தால் அறுந்துபோகும். தண்ணீரில் வரப்பு போட முடியாது. அதனால் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று நாளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்றும் சொல்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்களுக்கே விட்டுவிடுகிறோம். இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்பது வேறு பேச்சு. மீறினால் யாருடைய வலை அறுகிறது என்பது நமக்குத் தெரியும். சின்ன வலைக்காரருடையதுதான். வண்டி விஷயத்திலும் ஒழுங்கு இல்லாத இடத்தில் முதலில் வழி இழப்பவர் கால் இல்லாதவரும் வயதானவரும்தான்.

நம் ஊர்த் தெருவுக்கும் இதையே சொல்லலாம். ஜும்ஆவுக்கு வருகிறவர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். ஐஸ் லாரியும் மீன் ஏற்றும் கூண்டு வண்டியும் படகு வரும் நாளில் மட்டும் குவியும். அன்றைக்கு மட்டும் தெருவின் ஒரு பக்கத்தைக் காலியாக வைத்தால் போதும். தினமும் காலை முதல் இரவு வரை அசையாமல் நிற்பவை எவை என்று யாராவது ஒரு வாரம் எண்ணிப் பார்க்கட்டும். பெரும்பாலும் அங்கேயே கடை வைத்திருப்பவர்களுடைய வண்டிகளாக இருக்கும் என்பது என் ஊகம்.

இப்போது குறிப்பு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது சுருக்கமானது. புது இடம் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். அது நிதி ஒதுக்கீடு, பொதுப்பணித் துறை மதிப்பீடு என்று போய் உங்கள் ஓய்வு வரை வராது. முதலில் எண்ணுங்கள். வந்த வண்டி எத்தனை என்பதைவிட, எந்த வண்டி எத்தனை மணி நேரம் நின்றது என்று எண்ணுங்கள். ஓடாத வண்டியை அப்புறப்படுத்துங்கள். நடப்பவருக்கும் சக்கர நாற்காலிக்காரருக்கும் கோடு கிழித்த பிறகே வண்டிக்கு இடம் பிரியுங்கள். இப்போதைய அரசு வழிகாட்டி நெறிகளே மாற்றுத்திறனாளியின் வண்டிக்கு நுழைவாயிலில் இருந்து முப்பது மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலத்தில் இடம் ஒதுக்கச் சொல்கின்றன. எனக்கு அன்று கிடைக்காத பலம் உங்களுக்கு இருக்கிறது. அதைக் குறிப்பில் எழுதுங்கள். காவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாள் முழுக்க வாசலில் நிற்பவர் அவர்தான்.

மேலதிகாரியின் ஊர்தியைப் பற்றி எழுதப் பயப்படாதீர்கள், மரியாதையாக எழுதுங்கள். அதற்கு முன்னால் உங்கள் வண்டியை வெயிலுக்கு மாற்றிவிட்டு, அதையும் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.